சம்பளம் இல்லாத பதவிக்கு எதுக்குச் சல்லடை?

1/ கோயில் அறங்காவலர் பதவிக்கு ஆள் பார்த்துப் பட்டியல் தயாரிக்கிற மாவட்டக் குழு தேவையா? அதைத் தூக்கிட்டா என்ன? பழனியில் இந்தக் கேள்வியைக் கட்சி பேதம் இல்லாம நிறையப் பேர் கேட்டுப் பார்த்துட்டேன். "குழுவே வேண்டாம்" என்பவர்களில் நான் மதிக்கிறவங்களும் இருக்காங்க. நான் அந்தப் பக்கம் இல்ல. ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட்தான். பொறுமையா வாசிங்க.

2/ முதல்ல அடிப்படை. தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959இல் வந்தது. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு மூன்று பேருக்குக் குறையாம, ஐந்து பேருக்கு மிகாம ஒரு அறங்காவலர் குழு அமைக்கணும். அதில் ஒருத்தர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், ஒருத்தர் பெண். பதவிக்காலம் 2 ஆண்டு. சம்பளம் கிடையாது. சேவை.

3/ யார் நியமிக்கிறாங்க என்பது கோயிலோட வருமானத்தைப் பொறுத்தது. ஆண்டு வருமானம் 10 லட்சம் ரூபாயும் அதுக்கு மேலயும் இருந்தா அரசே நியமிக்கும். 2 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள்ள இருந்தா ஆணையர். அதுக்கும் கீழே போகப் போக இணை ஆணையர், உதவி ஆணையர் என்று அதிகாரம் இறங்கி வரும்.

4/ இதே சட்டத்தில் பின்னால் சேர்த்த பிரிவு 7-ஏ, மாவட்டத்துக்கு ஒரு குழு வேணும்னு சொல்லுது. அறங்காவலராக இருக்கத் தகுதியுள்ளவங்க பெயர்களைப் பார்த்துப் பட்டியல் தயாரிச்சுக் கொடுப்பது இதன் வேலை. கவனிங்க, நியமிக்கிறது இந்தக் குழு இல்ல. சலிச்சுக் கொடுக்கிறது மட்டும்தான். குழுவில் யார் இருக்கணும் என்பதை முடிவு செய்வது மாநில அரசு.

5/ பழனின்னு சொன்னதும் எல்லாருக்கும் மலை மேல இருக்கிற தண்டாயுதபாணிதான் ஞாபகம் வருவார். தைப்பூசக் கூட்டம், ரோப் கார், 2012இல் தொடங்கின நாள் முழுக்க அன்னதானம், 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பஞ்சாமிர்தம், கோயில் நடத்துற கல்லூரிகள். அது வேற உலகம். அந்தக் கோயிலுக்கு அறங்காவலரை அரசே நேரடியா நியமிக்குது. மாவட்டக் குழுவோட பட்டியல் முக்கியமாப் பயன்படுறது கீழ்நிலைக் கோயில்களுக்கு.

6/ நான் பேச வந்தது அந்தச் சின்னக் கோயில்களைப் பத்தி. ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம், கீரனூர்னு மலையைச் சுத்தி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ மாரியம்மன் கோயிலோ இருக்கும். ஒரே ஒரு கால பூஜை. அர்ச்சகருக்குக் கிடைக்கிறது கையளவு. ஆனா அந்தக் கோயில் பேர்ல நிலம் இருக்கலாம், தென்னந்தோப்பு இருக்கலாம், கடைத்தெருவில் ரெண்டு கடை இருக்கலாம்.

7/ அந்த நிலத்தை யாருக்கு, என்ன குத்தகைக்கு விடுறது? சட்டத்தின் பிரிவு 34 படி கோயில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 5 ஆண்டுக்கு மேல குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேணும். 5 ஆண்டு வரைக்குமான குத்தகைக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அறங்காவலர் என்றால் திருவிழாவில் மாலை போட்டுக்கிற பதவி என்று நினைக்கிறவங்க இந்த ஒரு வரியை மறுபடியும் வாசிக்கணும்.

8/ அறங்காவலர் இல்லாத கோயிலில் என்ன நடக்கும்? தக்கார் வருவார். பெரும்பாலும் துறையின் அலுவலர். அவர்கிட்ட ஏற்கெனவே பல கோயில் இருக்கும். நல்லவராகவே இருக்கட்டும், ஊர்க் கோயில் கூரையில் செடி முளைச்சதை எப்போ வந்து பார்ப்பார்? தக்கார் என்பது தற்காலிக ஏற்பாடு. நம்ம ஊரில் தற்காலிகம் எவ்வளவு காலம் ஓடும்னு உங்களுக்கே தெரியும்.

9/ இப்போ "குழுவைத் தூக்கு" என்பவர்கள் சொல்ற காரணங்களுக்கு வருவோம். நான் கேட்ட வரைக்கும் நாலு. ஒண்ணு, இலவச சேவைக்கு வர்றவரை எதுக்குச் சோதிக்கணும்? ரெண்டு, அந்தக் குழுவே ஆளுங்கட்சி போடுற ஆள், அது என்ன சலிக்கப் போகுது? மூணு, குழுவால தாமதம்தான் மிச்சம். நாலு, முடிவெடுக்கிற அதிகாரி குழுவைக் காட்டித் தப்பிச்சிடறார். நாலுமே காரணமில்லாத பேச்சு இல்ல. ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

10/ முதல் கேள்விக்கு என் தொழிலிலிருந்தே பதில் இருக்கு. ரத்த தானம். முகாமுக்கு வர்றவர் காசு வாங்காம, லீவு போட்டு, வெயிலில் வரிசையில் நின்னு ரத்தம் தர்றார். இதைவிடப் பெரிய சேவை இருக்கா? ஆனாலும் வயசு, எடை, ஹீமோகுளோபின் பார்க்கிறோம். "சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க"ன்னு கேட்கிறோம். எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என்று அஞ்சுக்கும் சோதிச்ச பிறகுதான் யாருக்கும் ஏத்துறோம்.

11/ எந்தக் கொடையாளியும் "இலவசமா தர்றேன், என்னைச் சந்தேகப்படுறியா"ன்னு கோவிச்சுக்கிட்டுப் போனதில்ல. காரணம், சோதனை கொடுக்கிறவரை அவமானப்படுத்த இல்ல. வாங்கிக்கப் போறவர் பக்கத்து வார்டில் மயக்கத்தில் கிடக்கிறார். அவரால எதையும் கேட்க முடியாது. அவருக்குப் பதிலா யாராவது ஒருத்தர் கேட்டாகணும். கோயில் சொத்தும் அப்படித்தான். சட்டப்படி சாமி ஒரு மைனர் மாதிரி. தனக்காக அவர் பேச முடியாது.

12/ இன்னொரு விஷயம். காசுக்கு ரத்தம் விற்கிற வழக்கம் நம்ம நாட்டில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பை ஒட்டி 1998 ஜனவரி 1 முதல் அது தடை ஆச்சு. காசு தேவைப்படுறவன் நோயை மறைப்பான் என்பதுதான் பயம். தன்னார்வலருக்கு மறைக்கக் காரணம் இல்ல, அதனால அந்த ரத்தம் பாதுகாப்பு அதிகம். நியாயம். ஆனா தன்னார்வலர் மட்டும்தான் தரணும்னு ஆன பிறகும் சோதனையை நாம நிறுத்தல.

13/ அறங்காவலர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையான கேள்வி. சம்பளம் இல்ல, படி இல்ல, தலைவலி மட்டும் உண்டு. அப்புறம் ஏன் இந்தப் பதவிக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசல் வரைக்கும் போட்டி? பக்திக்காக வர்றவங்க நிச்சயமா இருக்காங்க. ஊர் மரியாதைக்காக வர்றவங்களும் இருக்காங்க, அதில் தப்பில்ல. குத்தகை நிலத்துக்காக வர்றவரும் இருக்கார். மூணு பேரும் ஒரே மாதிரி திருநீறு பூசிக்கிட்டுத்தான் வருவாங்க. பிரிச்சுப் பார்க்க ஆள் வேணும்.

14/ "சரி டாக்டர், சோதிச்சும் தப்பு நடக்குதே?" நடக்குது. 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏத்தப்பட்டது. கொடுத்தவர் தன்னார்வக் கொடையாளி. தனக்குத் தொற்று இருக்குன்னு தெரிஞ்சதும் அவரே வந்து சொன்னார். சோதிச்சுத் தடுத்திருக்க வேண்டிய அமைப்பு தடுக்கல.

15/ அன்னிக்கு நாடே கொதிச்சது. ஆனா "ரத்தப் பரிசோதனையே வேண்டாம், எப்படியும் தப்பு நடக்குது"ன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? சொல்லல. யார் சோதிச்சாங்க, யார் கையெழுத்துப் போட்டாங்க, ஏன் விட்டாங்கன்னுதான் கேட்டாங்க. சல்லடையில் ஓட்டை விழுந்தா சல்லடையை மாத்தணும். மாவை அப்படியே வாயில் போட்டுக்கிறது தீர்வு இல்ல.

16/ ரெண்டாவது காரணம் கனமானது. குழு உறுப்பினர்களை அரசே போடுது. யார் ஆட்சியில் இருந்தாலும் தனக்கு வேண்டியவங்களைத்தான் போடும் என்பது ஊர் அறிஞ்ச ரகசியம். அப்போ கட்சிக்காரர் சலிச்சு, கட்சிக்காரர் பட்டியலில் வந்து, கட்சிக்காரரே நியமனம் ஆவார். நடுவில் குழு எதுக்கு? இந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா இதே கோபம் என் துறையில் எங்கே கொண்டு போய் விட்டதுன்னு சொல்றேன்.

17/ இந்திய மருத்துவக் கவுன்சில். டாக்டர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் நிறைய இருந்த அமைப்பு. 2010இல் அதன் தலைவரையே லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செஞ்சது. கவுன்சில் கலைக்கப்பட்டது. திரும்ப வந்தது. 2018இல் மறுபடியும் கலைக்கப்பட்டது. 2020 செப்டம்பர் 25 முதல் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம். அழுகினதைத் தூக்கி எறிஞ்சாச்சுன்னு பலர் கை தட்டினாங்க.

18/ அப்புறம்? ஓட்டுப் போட்டு வந்தவங்க இடத்தில் பெரும்பாலும் நியமனத்தில் வந்தவங்க. ஆணையத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு தேடல் குழு. அதாவது சலிக்கிற வேலை போகல, இடம் மாறிச்சு. 2025இல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் என்று மறுபடியும் சி.பி.ஐ. வழக்கு. கட்டடப் பலகை மாறிச்சு. நோய்க்கு மருந்து கொடுத்தோமா?

19/ இந்த விவாதத்துக்கு இன்னும் நேரடியான உதாரணம் இங்கிலாந்தில் இருக்கு. அங்கே என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்துற நிர்வாகக் குழுக்களில் டாக்டர் இல்லாத பொதுமக்களும் உட்காருவாங்க. சின்ன மதிப்பூதியம் உண்டு, பிழைப்புக்கான சம்பளம் இல்ல. நம்ம அறங்காவலர் மாதிரின்னு வெச்சுக்குங்க. 1997இல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் இந்த இடங்களில் அந்தக் கட்சியின் கவுன்சிலர்கள் அளவுக்கு மீறி நுழையறாங்கன்னு புகார் கிளம்பிச்சு.

20/ அங்கே பொது நியமனங்களைக் கண்காணிக்க ஒரு ஆணையர் உண்டு. அப்போ அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரென்னி ஃப்ரிட்சி. அவர் விசாரிச்சு 2000இல் அறிக்கை கொடுத்தார். நியமன முறை அரசியல்மயம் ஆயிடுச்சுன்னு நேரடியாவே எழுதினார். ஆளுங்கட்சியைப் பத்தி, அந்த ஆட்சி நடக்கும்போதே. விளைவு, 2001இல் இந்த நியமனங்களை அமைச்சர் கையிலிருந்து எடுத்து ஒரு தனி நியமன ஆணையத்துக்குக் கொடுத்தாங்க.

21/ 2010இல் ஆட்சி மாறிச்சு. "அரசு வாரியங்கள் பெருத்துப் போச்சு, செலவு, தாமதம்"னு சொல்லி வரிசையா மூட ஆரம்பிச்சாங்க. 2012இல் அந்த நியமன ஆணையமும் மூடப்பட்டது. ஆனா பாருங்க, மருத்துவமனைக் குழுக்களுக்கு ஆள் வேணும்ல? அந்த வேலை சுகாதாரத் துறையின் வேற ஒரு அமைப்புக்குப் போச்சு. கடையை மூடினாங்க. வேலையை மூட முடியல.

22/ இதிலிருந்து நான் எடுத்துக்கிற பாடம் இது. சலிக்கிற வேலை எப்படியும் நடக்கும். பேர் வெச்ச குழு செஞ்சா அதை "நீ ஏன் இவரை எடுத்தே"ன்னு கேட்கலாம், வழக்குப் போடலாம். குழு இல்லாட்டி அதே வேலையைக் கட்சி ஒன்றியச் செயலாளரோ, அலுவலகத்து மேஜையோ, ஒரு போன் காலோ செய்யும். அந்தப் போன் காலுக்கு எதிரா எந்தக் கோர்ட்டில் ரிட் போடுவீங்க?

23/ "சட்டத்திலேயே தகுதி எழுதியிருக்கே, அதிகாரி பார்த்து டிக் அடிச்சா போதாதா?" என்றும் கேட்கிறாங்க. எழுதியிருக்கிறதைப் பாருங்க. கடவுள் நம்பிக்கை வேணும். நன்னடத்தை, நற்பெயர் வேணும். ஊரில் மதிப்பு இருக்கணும். கோயில் வேலைக்கு நேரமும் ஆர்வமும் இருக்கணும். இதில் எதுக்காவது தாசில்தார் சான்றிதழ் கொடுக்க முடியுமா? லேப் ரிப்போர்ட்டில் வராத விஷயங்கள் இவை. நோயாளியை உட்கார வெச்சுப் பேசித்தான் தெரிஞ்சுக்க முடியும்.

24/ தகுதியின்மைப் பட்டியலும் உண்டு. கோயில் சொத்தில் குத்தகையோ ஒப்பந்தமோ இருக்கிறவர், கோயிலுக்குப் பாக்கி வெச்சிருக்கிறவர் வர முடியாது. காகிதத்தில் சரி. மச்சான் பேரில் குத்தகை இருந்தா? பட்டாவில் ஒரு பேர், உழுறது இன்னொருத்தர் என்றால்? இது திண்டுக்கல் அலுவலகக் கோப்பில் தெரியாது. ஊர் டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும்.

25/ அப்போ ஊரே தேர்ந்தெடுக்கட்டும்னு சொல்லலாமா? இங்கேதான் நான் தயங்குறேன். "ஊரில் மதிப்புள்ளவர்" என்ற சொல்லுக்கு நம்ம கிராமங்களில் பல நேரம் ஒரே அர்த்தம்தான், ஆதிக்கச் சாதிக்காரர். பட்டியல் சாதி உறுப்பினர் கட்டாயம்னு சட்டம் சொல்லியும், பெயருக்கு ஒருத்தரை வெச்சுக் கையெழுத்து மட்டும் வாங்குற ஆபத்து உண்டு. பெண் உறுப்பினர் இடத்தில் கணவர் வந்து உட்காருற ஆபத்தும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர்கள் விஷயத்தில் பார்த்துட்டோமே.

26/ அதனாலதான் மாவட்ட அளவு என்பது எனக்குச் சரியாப் படுது. சென்னை அளவுக்குத் தூரம் இல்ல, ஊரைத் தெரிஞ்சுக்கலாம். ஊருக்குள்ளேயே இல்ல, ஊர்ப் பெரிய மனுஷனுக்குப் பயப்படத் தேவையில்ல. காதுக்கு எட்டுற தூரம், கைக்கு எட்டாத தூரம். இந்த இடத்தில் உட்காருற குழுவைத் தூக்கிட்டா நடுவில் யாரும் இருக்க மாட்டாங்க.

27/ சல்லடையே கொடுமையா இருக்கிறதும் உண்டு, மறைக்கல. இந்தச் சட்டத்தின் தகுதியின்மைப் பட்டியலில் தொழுநோயும் நெடுங்காலம் இருந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை 1980களில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்ச நாளிலிருந்து தொழுநோய் முழுசாக் குணமாகுற நோய். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச சில நாளிலேயே தொற்றும் நின்னுடும். அப்படி ஒருத்தரைச் சாமி பக்கத்திலிருந்து தள்ளி வெச்ச வரியை எழுதினதும் ஒரு சட்டம்தான். அப்படிப்பட்ட வரியை அடிக்கணும். சோதனையே கூடாதுன்னு அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது.

28/ "எல்லாத்தையும் பக்தர்கள் கையில் கொடுத்துடுங்க, அரசும் வேண்டாம் குழுவும் வேண்டாம்" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1817இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கோயில்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டு வந்தது. 1863இல் ஆங்கில அரசு கையைக் கழுவி, உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அடங்கிய கமிட்டிகளிடம் ஒப்படைச்சது. அந்தக் கமிட்டி உறுப்பினர் பதவி ஆயுள் முழுக்க. இடையில் கணக்குக் கேட்கச் சிவில் கோர்ட்டைத் தவிர வழி இல்ல.

29/ ஆறு பத்து ஆண்டு அந்த முறை ஓடிச்சு. சொத்து கரைஞ்சது, புகார் குவிஞ்சது. அதுக்கு விடையாத்தான் நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் காலத்தில் அறநிலையச் சட்டம் வந்தது. எதிர்ப்பும் வழக்கும் தாண்டி 1927இல் அது நிலைபெற்றது. பக்தர் என்பதாலேயே யாரும் கணக்குக்கு அப்பாற்பட்டவர் ஆயிட மாட்டார்னு நம்ம தாத்தா காலத்திலேயே கண்ட உண்மை.

30/ மூணாவது காரணம், தாமதம். இதை முழுசா ஒத்துக்கிறேன். மாவட்டக் குழுக்கள் பல ஆண்டுகள் அமைக்கப்படாமலே கிடந்தன. குழு இல்ல, அதனால பட்டியல் இல்ல, அதனால அறங்காவலர் இல்ல, அதனால தக்கார். இதுக்காகவே கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. ஆனா இந்தத் தாமதத்தைக் குழு உண்டாக்கல. குழுவை அமைக்காம விட்டவங்க உண்டாக்கினது. டாக்டர் பணியிடத்தை நிரப்பாம வெச்சுட்டு "ஓ.பி.யில் கூட்டம் நகரல, ஓ.பி.யை மூடிடலாம்"னு சொல்ற மாதிரி இது.

31/ நாலாவது, எதிர்த்தரப்பின் வலுவான வாதம். "குழு ஒரு முகமூடி. குழு இருக்கிறதால நியமிக்கிறவர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார். குழு இல்லாட்டி அதிகாரி பேர் சொல்லிக் கேட்கலாம்." உண்மை இருக்கு. ஆனா இதுக்கு மருந்து வெளிச்சம். பட்டியலும் காரணமும் வெளியே வந்தா யாரும் யார் பின்னாலயும் ஒளிய முடியாது. பட்டியலில் இருந்தவரை விட்டுட்டு வேற யாரையாவது போட்டா அதுவும் தெரியும்.

32/ சரி, என்ன செய்யலாம்? என் பட்டியல் இது. முதல்ல, குழுவை அமைக்கிற அதிகாரம் அரசின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருத்தர், கணக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ஒருத்தர், பெண்கள் ரெண்டு பேராவது கட்டாயம். கட்சிப் பொறுப்பில் இருக்கிறவர் குழுவில் கூடாது. சலிக்கிறவங்க கை சுத்தமா இருக்கணும். ஆபரேஷனுக்கு முன்னால நோயாளியை விட டாக்டர்தான் அதிக நேரம் கை கழுவுறார்.

33/ ரெண்டாவது, விண்ணப்பிச்சவங்க பேரையும் குழு எடுத்த பேரையும் கோயில் வாசலில் ஒட்டணும். 15 நாள் ஆட்சேபணைக்கு நேரம். "இவர் மச்சான் பேரில் குத்தகை இருக்கு"ன்னு டீக்கடையில் சொல்றவர் எழுதிக் கொடுக்க ஒரு வழி. எடுக்கலன்னா ஏன்னு ஒரு வரி காரணம். ஆட்சேபணை சொன்னவருக்கும் பதில்.

34/ மூணாவது, கெடு. அறங்காவலர் பதவிக்காலம் முடிய ஆறு மாசம் இருக்கும்போதே பட்டியல் வேலை தொடங்கணும். குழுவே இல்லாத நிலை வந்தா மூணு மாசத்துக்கு மேல நீடிக்கக் கூடாது. நீடிச்சா மாவட்ட நீதிபதி இடைக்காலக் குழு ஒண்ணைப் போடலாம்னு சட்டத்தில் ஒரு வரி சேர்க்கணும். குழுவை அமைக்காம விட்டா அதிகாரம் தன் கையை விட்டுப் போயிடும்னு தெரிஞ்சா, எந்த அரசும் சரியான நேரத்தில் அமைச்சுடும்.

35/ நாலாவது, பதவி ஏற்கிற நாளில் அறங்காவலர் ஒரு உறுதிமொழி கொடுக்கணும். எனக்கோ என் குடும்பத்துக்கோ இந்தக் கோயில் சொத்தில் குத்தகை, கடை, ஒப்பந்தம் எதுவும் இல்ல. கட்சியில் இன்ன பொறுப்பில் இருக்கேன், அல்லது இல்ல. பொய்னு தெரிஞ்சா பதவி போகும். ரத்தம் கொடுக்கிறவர் கூட ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் படுக்கையில் படுக்கிறார்.

36/ இதெல்லாம் சட்டமன்றத்தில் நடக்க வேண்டியது. நீங்களும் நானும் இன்னிக்கே செய்யக் கூடியதும் ஒண்ணு உண்டு. திண்டுக்கல் மாவட்டக் குழுவில் இப்போ யார் யார் இருக்காங்க, உங்க ஊர்க் கோயிலுக்கு அறங்காவலர் இருக்காங்களா, இல்ல தக்காரா, எத்தனை நாளா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும். கோயில் நிலம் எத்தனை ஏக்கர், யார் கையில், குத்தகை என்னன்னும் சேர்த்துக் கேளுங்க.

37/ இன்னொண்ணு. அறங்காவலர் விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வரும்போது நல்லவங்க ஒதுங்கிடறாங்க. "நமக்கெதுக்குங்க அரசியல்"னு. ரிட்டயர்டு ஆசிரியர், பேங்க்கில் கணக்குப் பார்த்தவர், சுய உதவிக் குழுவை நடத்துற அக்கா, பத்து வருஷமா வெள்ளிக்கிழமை விளக்குப் போடுற அம்மா. இவங்க விண்ணப்பிக்காட்டி எவ்வளவு நல்ல குழுவும் இருக்கிறதிலிருந்துதான் எடுக்கும். சல்லடையில் போட அரிசி வேணும்ல.

38/ குழுவைத் தூக்கணும் என்பவர்களோட எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. கோபம் சரி, புகார் சரி, அனுபவம் சரி. மருந்து மட்டும் தப்பு. மாத்துக் கருத்து இருந்தா எழுதுங்க, வாசிக்கிறேன். கட்சிச் சண்டை வேண்டாம். உங்க ஊர்க் கோயிலில் இப்போ இருக்கிறது அறங்காவலரா தக்காரா, அதை மட்டுமாவது கமெண்டில் போடுங்க. எத்தனை ஊருக்கு விடை தெரியலன்னு பார்ப்போம்.